கொப்பரையில் செத்த எண்ணெய்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் தூத்துக்குடியில், சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஒரு கம்பெனியில் நான் கெமிஸ்டாக வேலை பார்த்தேன். இதைச் சொன்னால் என் சொந்தக்காரர்களில் சிலர் இன்றைக்கும் முகத்தைச் சுளிக்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் பெருமாள் கோயில் வீதியில் பிறந்த பெண் மீன் ஈரலோடு மல்லுக்கட்டினாளே என்று அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. சுளித்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஆறாத விஷயம் வேறு. அதைத்தான் எழுதப்போகிறேன்.

சென்னையில் கெமிஸ்ட்ரி படித்து முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். ஆம்பிளை கெமிஸ்டுகளெல்லாம் யுத்த வேலைக்குப் போய்விட்டதால் கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரோடு வேலை பார்த்த ஒருவர் மூலமாகச் செய்தி வந்தது. அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அப்பா மட்டும், “எண்ணெயோ நெய்யோ, படிச்ச படிப்புக்கு ஒரு வேலை. போயிட்டு வா” என்றார். தூத்துக்குடியில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டேன். சாயங்காலம் நான் திரும்பியதும் கொல்லைக் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அத்தை போட்ட ஒரே நிபந்தனை. அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த வாடை சோப்புக்கும் சீயக்காய்க்கும் அசையாது.

கம்பெனி கடற்கரையை ஒட்டி ஒரு பழைய சங்குக் கிடங்கில் இருந்தது. முன்பெல்லாம் சீமையிலிருந்து காட் மீன் ஈரலில் எடுத்த காட்லிவர் எண்ணெய் கப்பலில் வந்துகொண்டிருந்தது. சண்டை தொடங்கிக் கப்பல் நின்றதும் அதுவும் நின்றுபோயிற்று. ஆனால் சத்துக்குறைவால் மாலைக்கண் வந்த பிள்ளைகள் நிற்கவில்லை. அரிசித் தட்டுப்பாட்டில் அவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். நம் கடலில் பிடிபடும் சுறாவின் ஈரலில் அந்தச் சீமை மீனில் இருப்பதைவிட அதிகமாகவே வைட்டமின் ஏ இருக்கிறது என்று தெரிந்தபோது, ஆஸ்பத்திரிகளுக்கும் அநாதை விடுதிகளுக்கும் அந்த எண்ணெயை வாங்கிக் கொடுக்கச் சர்க்கார் முன்வந்தது. எங்கள் முதலாளி காண்டிராக்ட் எடுத்தார். அவருக்குப் பஞ்சாலை, உப்பளம் என்று ஏற்கெனவே பல தொழில்கள். இங்கே வருவதே அபூர்வம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் மானேஜர்தான்.

தொடக்கத்தில் வேலை ஒழுங்காக நடந்தது. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். விடியும்போது தோணிகளிலிருந்து ஈரல் வரும். பெரிய சுறாவின் ஈரலை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். கரையோரத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைக் கழுவி, பித்தப்பையை நீக்கி, துண்டு போடுவார்கள். அவர்களுக்குத் தலைவியாக இருந்தவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாற்பது வயதிருக்கும். குரல் அலைச் சத்தத்துக்கு மேலே கேட்கும். துண்டுகள் இரட்டைச் சுவர் வைத்த ஒரு பாத்திரத்துக்குள் போகும். இரண்டு சுவர்களுக்கும் நடுவில் பாய்லரிலிருந்து நீராவி ஓடும். நெருப்பு பாத்திரத்தைத் தொடாது. மேலே மூடி இறுக்கமாக இருக்கும். இளஞ்சூட்டில் ஈரல் இளகி எண்ணெய் தானாகப் பிரிந்து மிதக்கும். செம்மஞ்சளாக இருக்கும் அந்த எண்ணெய். வாடை மட்டும் பயங்கரம்.

என் வேலை அதில் வைட்டமின் எவ்வளவு என்று பார்ப்பது. சோதனைக் குழாயில் குளோரோபாரத்தில் ஒரு துளி எண்ணெயைக் கரைத்து, ஆன்டிமனி ட்ரைகுளோரைடு கரைசலை ஊற்ற வேண்டும். வைட்டமின் இருந்தால் சட்டென்று நீலம் பூக்கும். அதிகம் இருந்தால் நடுக்கடல் நிறம். கண் இமைக்கும் நேரத்துக்கு மேல் அது நிற்காது. மங்கத் தொடங்குவதற்குள் வெவ்வேறு நீலத்தில் இருக்கும் கண்ணாடி வில்லைகளோடு ஒப்பிட்டு எவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும். சுறா எண்ணெய் வீரியம் கூடியது என்பதால், கடலை எண்ணெய் கலந்து சர்க்கார் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து டின்களிலும், சின்ன விடுதிகளுக்கு லேபிள் ஒட்டிய பாட்டில்களிலும் அடைப்போம். அந்த அளவு இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் டின் ரயில் ஏறும்.

ஒரு நாள் காலையில் போனபோது பாய்லர் குளிர்ந்து கிடந்தது. முற்றத்தில் கல்லடுப்புகள் கட்டி, கல்யாணச் சமையலுக்கு வைக்கிற பெரிய செம்புக் கொப்பரைகளை ஏற்றியிருந்தார்கள். அடியில் உடைமர விறகு திகுதிகுவென்று எரிந்தது. ஈரல் கொப்பரையில் தளதளவென்று கொதித்தது. அடி பிடிக்காமலிருக்க இரண்டு பேர் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தார்கள். புகையில் யார் முகமும் தெரியவில்லை.

மானேஜரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் மாதிரி பேசவே மாட்டார். எப்போதும் சிரித்த முகம்.

“கரி இல்லம்மா. யுத்த காலம். ரயிலுக்கே கரி கெடைக்க மாட்டேங்கு. நாம என்ன செய்ய முடியும்? வெறகுதான் வழி.”

“அண்ணாச்சி, விறகு எரிக்கிறது கூடப் பரவாயில்லை. திறந்த கொப்பரையில கிண்டுறாங்களே, அதுதான் தப்பு. வைட்டமின் வெறும் சூட்டைத் தாங்கும். சூட்டோட காத்தும் சேர்ந்தா தாங்காது. அதுவும் செம்புப் பாத்திரம். செம்பு பட்டா இன்னும் சீக்கிரம் கெடும்.”

“நீங்க டெஸ்ட் பண்ணிப் பாருங்க. பாஸ் ஆகலன்னா சொல்லுங்க.”

அதோடு நிற்கவில்லை. எண்ணெய் கறுத்துப்போனதால், வெளுக்க வைக்கும் ஒரு வகை மண்ணைப் போட்டுக் கலக்கி வடிகட்டினார்கள். தீய்ந்த வாடை போவதற்காக, எண்ணெயை மறுபடி சூடாக்கி, கொல்லன் துருத்தி மாதிரி ஒன்றை வைத்து அதற்குள் காற்றை ஊதினார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வைட்டமினைக் கொல்வதற்கு ஒரு வழி கண்டுபிடி என்று யாராவது எனக்குப் பரீட்சையில் கேட்டிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன்.

கடைசியில் வந்த எண்ணெய் வெளுத்து, தெளிந்து, பார்ப்பதற்கு அத்தனை அழகாக இருந்தது. மானேஜர் ஒரு பாட்டிலைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“இங்கன பாருங்கம்மா. பன்னீர் மாதிரி இருக்குல்லா? முந்தி எடுத்ததப் பாத்தா புள்ளைங்க வாந்தி எடுக்கும். இதக் குடிக்கும்.”

சோதித்தேன். நீலம் வந்தது. பழைய நீலம் இல்லை, இளைத்த நீலம். ஆனாலும் கடலை எண்ணெயைக் குறைத்துக் கலந்தால் சர்க்கார் சொன்ன அளவு வந்துவிட்டது. “ரூல்ல என்ன கேக்காங்களோ அது இருக்குல்லா, பெறவு என்ன?” என்றார் மானேஜர். கேட்ட அளவு இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். அந்த நாளில் அது உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இன்றைக்கும் என் வயிறு எரியக் காரணம்.

வெயில் காலம் தொடங்கியபோது கீழவைப்பார்ப் பக்கத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி என்னைத் தேடி வந்தார். அங்கே ஒரு கடற்கரை ஊரில் அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறவர். எல்லோரும் அவரை மதர் என்பார்கள். அவரும் அந்தக் கரையில் பிறந்தவர்தான், பேச்சிலேயே தெரிந்தது. அங்கியெல்லாம் புழுதி. பையிலிருந்து எங்கள் கம்பெனி லேபிள் ஒட்டிய பாட்டிலை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கம்மா.”

“ஏன் மதர், என்ன ஆச்சு?”

“மழை விட்டதுலயிருந்து புள்ளைங்களுக்கு நாள் தவறாமக் குடுக்கேன். ஒண்ணுக்கும் கண்ணு தெளியல. பொழுது சாயவும் செவத்தப் புடிச்சிட்டு நடக்குதுக. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துட்டு வருதுக. ஒரு சின்னப் புள்ளைக்குக் கருமணி வெந்துபோச்சு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். ஒரு கண்ணு போயிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மீன் எண்ணெ குடுக்கலியான்னு என்னையத் திட்டுனாரு. குடுத்தேன் சாமீன்னேன். அவரு நம்பல.”

அவர் முன்னாலேயே சோதித்தேன். குளோரோபாரம், ஒரு துளி எண்ணெய், கரைசல். காத்திருந்தேன். நீலம் என்று சொல்லவே முடியாது. துணி அலசிய தண்ணீரில் கொஞ்சம் நீலம் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. மறுபடி செய்தேன். மறுபடியும் அதே.

“இதுல ஒண்ணும் இல்லை மதர்” என்றேன். அவர் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாட்டிலோடு மானேஜர் அறைக்குப் போனேன். அவர் மதருக்கு நாற்காலி போடச் சொன்னார், மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “இங்கயிருந்து போறப்ப பாஸ் ஆன எண்ணெதானம்மா? நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?” என்றார். மதரிடம், “வெயில்ல வச்சிருப்பீங்க. ஜன்னல் பக்கத்துல வச்சாலே கெட்டுப்போகும். எங்க கெமிஸ்ட் அம்மாட்டயே கேளுங்க” என்றார்.

மோரைத் தொடாமல் மதர் எழுந்துவிட்டார்.

என் கையெழுத்தை எடுத்து என் முகத்திலேயே எறிந்த மாதிரி இருந்தது. அதைவிட, பிள்ளையின் கண்ணைப் பறிகொடுத்தவரிடமே பழியைத் தூக்கிப் போட்ட அந்தச் சிரிப்பு. அந்த வாரக் கடைசியில் மதரோடு பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலுமாக அந்த ஊருக்குப் போனேன். விடுதியில் சமையல் குசினியை ஒட்டி ஒரு சின்ன அறை. இருட்டறை. சுவரோடு பதித்த மர அலமாரியில், கறுப்புத் துணி சுற்றி, குளிர்ச்சிக்காகத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டில்களை வைத்திருந்தார் மதர். எங்கள் கம்பெனியில்கூட அவ்வளவு பத்திரமாக யாரும் வைக்கவில்லை.

அன்று பொழுது சாய்ந்தபோது பிள்ளைகள் செபத்துக்குப் போனார்கள். முன்னால் போகிறவள் சட்டையைப் பின்னால் வருகிறவள் பிடித்துக்கொண்டு, ரயில் மாதிரி. சிரித்துக்கொண்டுதான் போனார்கள், அவர்களுக்கு அது பழகிவிட்டது. கண் போன அந்தச் சின்னப் பெண் மதரின் இடுப்பில் இருந்தாள். ஒரு கண் பால் நிறமாகிவிட்டது. மற்றொரு கண்ணிலும் ஈரம் வற்றி, வெள்ளை விழி சுருங்கிய தோல் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி மருந்தில் கொஞ்சம் தாங்கினாலும் அதுவும் மெல்லப் போய்விடும் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் தொட்டபோது என் வளையலைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பி வந்ததும் நானாகவே ஒரு சோதனை செய்தேன். ஒரே சுறாவின் ஈரலை இரண்டு பங்காக்கினேன். ஒரு பங்கை என் அறையில், வெந்நீருக்குள் இறக்கிய மூடிய பாத்திரத்தில், பழைய முறைப்படி இளஞ்சூட்டில் எடுத்தேன். மற்றதை முற்றத்துக் கொப்பரையில் கொடுத்து, அவர்கள் கிண்டுகிறபடி கிண்டச் சொல்லி, மண் போட்டு வெளுத்து, காற்று ஊதி வாங்கினேன். கடலை எண்ணெய் கலந்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்குச் சோதித்தபோது இரண்டும் ஒரே நீலம். ஒன்றுக்கொன்று வித்தியாசமே சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மாதிரி டின்களில் அடைத்து, ரயிலுக்குக் காத்திருக்கும் சரக்கு வைக்கிற தகரக் கொட்டகையிலேயே வைத்தேன். சித்திரை வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் மூச்சு முட்டும். சரக்கு ரயில் பெட்டியும் அப்படித்தான் கொதிக்கும்.

வாரம் ஒரு முறை இரண்டிலும் எடுத்துச் சோதித்தேன். இளஞ்சூட்டில் எடுத்த எண்ணெய் அசையவில்லை. கொப்பரை எண்ணெய் முதல் வாரமே இளைத்தது. பிறகு இன்னும் இளைத்தது. முனிசிபல் குழாயடியில் தண்ணீருக்குச் சண்டை முற்றிய அந்த வெயிலின் உச்சத்தில், மதர் கொண்டுவந்த பாட்டில் எப்படியிருந்ததோ அப்படியே ஆகிவிட்டது.

காரணம் எனக்கு விளங்கியது. கொப்பரையில் காற்று பட்டுக் கொதித்தபோதே அந்த எண்ணெய்க்குள் கேடு புகுந்துவிட்டது. ஈரல் எண்ணெயைக் கெடாமல் காப்பதற்கு இயற்கையாகவே அதில் சில பொருட்கள் உண்டு. நெருப்பும் வெளுப்பு மண்ணும் அவற்றையும் தின்றுவிட்டன. செய்த அன்று சோதித்தால் அது பிழைத்திருப்பதாகத்தான் காட்டும். அதற்கப்புறம் சாதாரண வெயிலைக்கூட அதனால் தாங்க முடியாது. அதே வெயிலில், அதே கொட்டகையில், பக்கத்து டின் எண்ணெய் நன்றாகத்தான் இருந்தது. மதர் அலமாரியில் குற்றம் இல்லை. குற்றம் எங்கள் முற்றத்தில் இருந்தது.

மானேஜரைக் கூப்பிட்டு இரண்டு குழாய்களையும் காட்டினேன். ஒன்றில் நீலம் பூத்தது, மற்றதில் பூக்கவில்லை. பார்த்தார். சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைந்தது.

“இதயெல்லாம் எதுக்கும்மா இழுத்துப் போட்டுட்டு இருக்கீங்க? யாரு கேட்டா?”

“பாய்லரை மூட்டுங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“கரி எங்க இருக்கு?”

கரி எங்கே இருக்கிறது என்று எனக்கு அக்காதான் சொன்னாள். சாப்பாட்டு வேளையில் என் அறை வாசலில் வந்து நின்றாள். “கெமிஸ்ட் அம்மா, கரி இல்லன்னு இவங்க சொல்லுதாங்கள்லா? எம் மாப்ள ஸ்டேஷன்ல மூட்ட தூக்குதாரு. நம்ம கம்பெனி பேருக்கு மாசாமாசம் கரி வருதாம். வண்டிதான் இங்கன வர மாட்டேங்கு.” நானே ரயில்வே சரக்குக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு மருந்து எண்ணெய் செய்வதற்கென்று சர்க்கார் ஒதுக்கிய கரி, மாட்டு வண்டிகளில் ஏறி, எங்கள் கடற்கரைக்கு எதிர்த்திசையில், முதலாளியின் பஞ்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பட்டப்பகலில், வண்டிக்காரர்கள் பீடி பிடித்துக்கொண்டு, யாருக்கும் ஒளிக்காமல். நடுரோட்டில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. சர்க்கார் அதிகாரி மேற்பார்வைக்கு வரப்போகிறார் என்று தெரியும். அவரிடம் சொல்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

அதிகாரி வந்தார். படித்தவர், மரியாதையானவர். மானேஜர் அவருக்கு வெளுத்த எண்ணெய்ப் பாட்டிலைக் காட்டினார். “எக்ஸலண்ட் கலர்” என்றார் அதிகாரி. நான் அவரை என் அறைக்கு வரச் சொல்லி, இரண்டு டின்களையும் வைத்து, அவர் கண்ணெதிரிலேயே சோதித்தேன். மதர் விடுதியைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் கண்ணைச் சொன்னேன். கரி வண்டியைச் சொன்னேன். மானேஜர் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வெரி இன்டரஸ்டிங். ஆனா மேடம், ஸ்பெசிஃபிகேஷன்ல, தயாரிக்கிற இடத்துல, தயாரிச்ச அன்னிக்கு இவ்வளவு இருக்கணும்னுதான் போட்டிருக்கு. அதுக்கப்புறம் எவ்வளவு நாள் நிக்கணும்னு இல்ல. அந்த வகையில கம்பெனி மேல தப்பு சொல்ல முடியாது.”

“தயாரிச்ச அன்னிக்கு யார் சார் குடிக்கிறா? குழந்தை குடிக்கிற அன்னிக்கு இருக்க வேண்டாமா?”

“யுத்த காலத்துல எல்லாத்துலயும் கொஞ்சம் முன்னப்பின்ன...”

“கண்ணுல எப்படி சார் முன்னப்பின்ன இருக்கும்? அந்தப் பெண்ணுக்கு ஒரு கண் போச்சு. இன்னொண்ணும் போயிண்டிருக்கு. உங்காத்துக் குழந்தைன்னா இந்தக் கலரைப் பார்த்து எக்ஸலண்ட்னு சொல்வேளா?”

எனக்குக் கோபம் வந்தால் வீட்டுப் பேச்சு வந்துவிடும். அதிகாரியின் முகம் சிவந்தது. கரி விஷயம் தன் இலாகா இல்லை என்றார். எண்ணெய் விஷயமாக மேலே எழுதுவதாகச் சொன்னார். எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. எழுதியிருந்தாலும் ஒன்றும் மாறவில்லை. அவர் போனதும் மானேஜர் என்னைக் கூப்பிட்டு, ரொம்ப அன்பாக, “பொம்பளப் புள்ளைங்களுக்கு இந்த வேல சரிப்படாதும்மா, மனசு எளகிப்போகுது” என்றார்.

மறுநாள் கொப்பரை எண்ணெய்க்கு இனிமேல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றே வேலையை விட்டு வெளியே வந்தேன். என் இடத்துக்கு வந்தவர் போட்டார். டின்கள் வழக்கம்போல் ரயில் ஏறின.

வெளியே வரும்போது முற்றத்தில் அக்கா என்னை மறித்தாள். “இப்பம் அந்தப் புள்ளைங்களுக்கு என்ன செய்யப்போறீங்க?” என்று கேட்டாள். அழுகிறேனா என்று பார்க்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அந்தக் கேள்விதான் என்னை நிமிர்த்தியது. நல்ல ஈரல் கிடைத்தால் நானே எண்ணெய் எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்றேன். அவளுக்குப் பிறந்த ஊர் மதரின் ஊருக்கு அடுத்த ஊர். அண்ணன் தம்பியெல்லாம் அங்கே தோணி வைத்திருந்தார்கள். “ஈரல நான் வாங்கித் தாரேன். நீங்க வண்டி ஏறுங்க” என்றாள்.

அங்கே பிடிபடும் சுறா ஈரலையெல்லாம் எங்கள் கம்பெனி ஆள்தான் கரையிலேயே வாங்கிப் போவது வழக்கம். நாங்கள் போன அன்று அக்காவின் அண்ணன் ஒரு ஈரலைத் தனியே எடுத்து ஓலைப் பெட்டியில் வைத்தார். கம்பெனி ஆள் சத்தம் போட்டான். “எல்லா ஈரலும் எங்களுக்குன்னு பேச்சு. ஒண்ணு குறைஞ்சாலும் நாளையிலயிருந்து உங்க கரைக்கே வர மாட்டோம்.”

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். “ஏலே, சுறாவப் புடிச்சது எங்க ஆளு. கண்ணு போனது எங்க புள்ளைக்கு. நீ எங்கயிருந்துலே வந்த? வராட்டிப் போ. ஒங்க மானேஜர்ட்டப் போய்ச் சொல்லு, நான்தான் சொன்னேன்னு சொல்லு.” சுற்றி நின்ற பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். அவன் மீதி ஈரலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாளும் வரத்தான் செய்தான், ஈரல் வேண்டுமே. அக்காவுக்கு மட்டும் அதற்குப் பிறகு கம்பெனியில் வேலை இல்லை.

மதரின் குசினியில் பெரிய அண்டாவில் தண்ணீரைச் சுட வைத்து, அதற்குள் ஈயம் பூசிய ஒரு பாத்திரத்தை இறக்கினோம். பொடியாக நறுக்கிய ஈரலைப் போட்டுத் தட்டால் மூடி, விளிம்பில் மாவு அப்பினோம். தண்ணீர் கொதிக்கவே கூடாது, கைபொறுக்காத சூடு இருந்தால் போதும் என்று நான் சொல்ல, மதர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார். பிரிந்த எண்ணெயை அசையாமல் மொண்டு, பாட்டில் கழுத்து வரை நிரப்பினோம். மேலே காற்றுக்கு இடம் விடக் கூடாது. தக்கை அடைத்துக் கறுப்புக் காகிதம் சுற்றினோம். செம்மஞ்சள் எண்ணெய். வாடை குடலைப் புரட்டியது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். மதர் ஒவ்வொருத்தியையும் மடியில் போட்டு, வாயைத் திறந்து, ஊற்றி, பனங்கற்கண்டு கொடுத்தார். என் கண்ணுக்கு அந்த வெளுத்த பன்னீர் எண்ணெயைவிட இதுதான் அழகாக இருந்தது.

நான் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை போனபோதே பெரிய பெண்கள் சாயங்காலத்தில் சட்டையைப் பிடிக்காமல் நடந்தார்கள். அடுத்த முறை பொழுது சாய்ந்த பிறகும் முற்றத்தில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கட்டம் தெரிகிறதா என்று நான் கேட்டதற்கு, தெரியாமலா ஆடுகிறோம் என்று ஒருத்தி முறைத்தாள். சின்னப் பெண்ணின் மற்றொரு கண் தப்பிவிட்டது. போன கண் போனதுதான். அதைத் திருப்பிக் கொண்டுவர எந்த எண்ணெயாலும் ஆகாது. சில மாதம் முன்னால் இதே ஈரலை இதே மாதிரி ஒரு பாத்திரத்தில் எடுத்துக் கொடுத்திருந்தால் அதுவும் இருந்திருக்கும் என்று நினைக்காமல் அவளை என்னால் பார்க்க முடிந்ததே இல்லை.

அங்கே நாங்கள் செய்ததில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. ஒரு அண்டா, ஒரு மூடி, கொஞ்சம் பொறுமை. கம்பெனியிடம் இதைவிட நல்ல பாத்திரமும், பாய்லரும், கரியும், கெமிஸ்டும் இருந்தன. எல்லாம் இருந்தும் செய்யவில்லை. ஒரு விடுதிப் பிள்ளைகளை எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு மதர் புழுதியோடு பஸ் ஏறி வந்து கேட்டார். மற்ற டின்கள் போன ஊர்களிலிருந்து யாரும் வரவில்லை. அங்கெல்லாம் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த எண்ணெயைக் கொடுத்துவிட்டு, கொடுத்தும் தேறவில்லையே, இது தலையெழுத்து என்று விட்டிருப்பார்கள்?

யுத்தம் முடிந்ததும் சீமை எண்ணெய் மறுபடி வந்தது. முதலாளி அந்தக் கிடங்கை மூடிவிட்டு உப்புக்குத் திரும்பிவிட்டார். நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். அக்கா தன் ஊருக்கே போய், மதர் விடுதியில் குசினியைப் பார்த்துக்கொண்டாள். ஈரல் எண்ணெய் எடுக்கும் வேலையை அவர்கள் இருவரும் சேர்ந்து வெகு நாள் நடத்தினார்கள்.

சில வருஷம் கழித்து ஆத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் மானேஜரைப் பார்த்தேன். சந்தனம் பூசிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, அதே சிரிப்போடு வந்தார். “ஏம்மா, சௌக்கியமா? அந்தக் காலத்துல நாம சேந்து எவ்வளவு புள்ளைங்களுக்கு மருந்து அனுப்பிருக்கோம்!” என்று பக்கத்திலிருந்தவர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்.

“நீங்க அனுப்பினது மருந்து இல்லை அண்ணாச்சி. கரியைப் பஞ்சாலைக்கு அனுப்பினேள், வெறும் எண்ணெயைப் பிள்ளைகளுக்கு அனுப்பினேள்” என்றேன். பந்தலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என்னோடு வந்த அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. அவர் வெற்றிலையை மென்றுகொண்டு வேறு பக்கம் போனார். கல்யாண வீட்டில் இப்படியா பேசுவது என்று ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அத்தை என்னைக் கடிந்துகொண்டே வந்தாள். வேறு எங்கே பேசுவது என்று நான் கேட்டேன்.